கொள்ளாத கோப்புகளின் கதை

அமெரிக்காவின் புதிய அரசியல் சாசனத்தை மக்கள் ஏற்க வேண்டும் என்று வாதாடி, 1787-88 ஆண்டுகளில் 85 கட்டுரைகள் வெளிவந்தன. பெரும்பாலானவை நியூயார்க் பத்திரிகைகளில் வந்தவை. ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயருக்குப் பின்னால் அலெக்சாண்டர் ஹாமில்டன், ஜேம்ஸ் மேடிசன், ஜான் ஜே என மூன்று பேர் இருந்தார்கள். அவற்றில் 12 கட்டுரைகளை எழுதியது ஹாமில்டனா, மேடிசனா என்ற வழக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலும் தீராமல் இழுத்தது. யார் எந்தச் சொல்லை எத்தனை முறை புழங்குகிறார் என்று எண்ணிப் பார்த்து, 1964-இல் மோஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் மேடிசன் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள்.

அடுத்த பத்தாண்டு முடிவதற்குள், நியூஜெர்சி முர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் லீ மக்மஹனுக்கும் அதே கட்டுரைகளைக் கணினியில் போட்டு அலச வேண்டும் என்று ஆசை வந்தது. மொத்த உரையும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு மெகாபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதைவிடப் பெரிது. ஆனால் அங்கிருந்த பிடிபி-11 கணினியில் ஒரு நிரலும் அதன் தரவும் சேர்ந்து 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். யூனிக்ஸின் அன்றைய ஒரே உரைத் திருத்தியான ‘ஈடி’யில் அந்தக் கோப்பு கொள்ளவில்லை.

ஈடி ஒன்றும் அசட்டுத்தனமாக எழுதப்பட்ட நிரல் அல்ல. அதை எழுதியவர் கென் தாம்ப்சன். திறந்த கோப்பின் உரையை அது நினைவகத்தில் வைத்துக்கொள்வதே இல்லை. வட்டில் ஒரு தற்காலிகக் கோப்பை உண்டாக்கி உரையை அங்கே கொட்டிவிட்டு, எந்த வரி எங்கே தொடங்குகிறது என்ற முகவரிகளை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். ஒரு வரிக்கு ஒரு முகவரி. அதனால் வரி எவ்வளவு நீளம் என்பதைவிட மொத்தம் எத்தனை வரி என்பதுதான் நினைவகத்தைத் தின்றது. 1975-இல் வந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸின் கையேடு இந்த வரம்புகளை ஒளிக்காமல் அச்சிட்டிருக்கிறது: வரிக்கு 512 எழுத்து, தற்காலிகக் கோப்பில் மொத்தம் 128 ஆயிரம் எழுத்து, வரிகளின் எண்ணிக்கை நினைவகம் இருக்கும் அளவுக்கு. ஒரு மெகாபைட் எப்படி நுழையும்?

ஈடியோடு பழகுவதே தனி அனுபவம். திரை கிடையாது; நொடிக்குப் பத்து எழுத்து தட்டும் டெலிடைப் பொறியின் காகிதச் சுருள்தான். கோப்பைத் திறந்தால் அதில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று ஓர் எண்ணை அச்சடித்துவிட்டு வாய் மூடிக்கொள்ளும். தப்பான கட்டளை கொடுத்தால் ‘?’ என்ற ஒற்றைக் குறி, அவ்வளவுதான். என்ன தப்பு என்று சொல்லாது. வேண்டிய வரியைக் கேட்டால் அந்த வரி மட்டும் அச்சாகும். கோப்பு முழுவதையும் பார்ப்பது என்ற எண்ணமே அந்தப் பொறியில் கட்டுப்படியாகாது.

மக்மஹனின் சிக்கலைத் தாம்ப்சன் தீர்த்த விதத்தை அவரோடு அங்கே வேலை பார்த்த பிரையன் கெர்னிகன் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஈடிக்குள்ளே, ஒரு கோலத்துக்குப் பொருந்தும் வரிகளை எல்லாம் அச்சிடு என்று ஒரு கட்டளை உண்டு. அந்த ஒரு வேலையை மட்டும் வெட்டி எடுத்துத் தனி நிரலாக்கினார் தாம்ப்சன். கட்டளையின் எழுத்துகளையே சேர்த்துப் படித்தால் ‘கிரெப்’, அதுவே பெயராயிற்று. 1973-இல் யூனிக்ஸ் கையேட்டில் ஏறியது. கிரெப் ஒரு வரியைப் படிக்கும், பொருந்தினால் காட்டும், மறந்துவிடும், அடுத்த வரிக்குப் போகும். கோப்பு ஒரு மெகாபைட்டா, ஆயிரம் மெகாபைட்டா என்ற கவலை அதற்கு இல்லை. எதையும் சேர்த்து வைக்காததால் எதுவும் நிரம்பி வழிவதும் இல்லை.

தேடத்தான் கிரெப், திருத்துவதற்கு? மக்மஹனே கையில் எடுத்தார். ஈடியின் கட்டளைகளை அப்படியே வைத்துக்கொண்டு, கோப்பை ஓடும் நீராக நினைத்து, போகிற போக்கில் ஒவ்வொரு வரியையும் திருத்தி அனுப்பும் ‘செட்’ நிரலை 1973-74-இல் எழுதினார். இன்றும் 50 ஜிபி பதிவேட்டில் ஒரு சொல்லை மாற்ற வேண்டுமானால் விவரம் தெரிந்தவர் கை வைப்பது இதன் மேல்தான்.

கோப்பைத் துண்டு துண்டாகப் பார்ப்பது இவர்களோடு தொடங்கியதும் அல்ல. 1960-களின் தொடக்கத்தில் எம்ஐடியில் டான் மர்ஃபி எழுதிய ‘டெகோ’ துளையிட்ட காகித நாடாக்களைத் திருத்தப் பிறந்தது. நாடாவிலிருந்து ஒரு பக்கம் உள்ளே வரும், திருத்தப்படும், புதிய நாடாவில் துளையாக வெளியேறும், அடுத்த பக்கம் வரும். போன பக்கத்துக்குத் திரும்ப வேண்டுமா? முதலிலிருந்து இன்னொரு சுற்று. அந்த டெகோவின் மேல் எழுதிய கட்டளைத் தொகுப்பாக 1976-இல் பிறந்ததுதான் ஈமேக்ஸ்.

ஈமேக்ஸ் உரையை வைத்துக்கொள்ளும் முறை எளிது. முழு உரையும் நினைவகத்தில் ஒரே நீளமாகக் கிடக்கும். கர்சர் நிற்கும் இடத்தில் மட்டும் ஒரு காலி இடைவெளி. தட்டுகிற எழுத்து அந்த இடைவெளியில் விழும், எதையும் நகர்த்த வேண்டாம். கர்சரைக் கோப்பின் கடைசிக்குக் கொண்டுபோய் ஓர் எழுத்தைத் தட்டும்போதுதான் செலவு. இடைவெளியும் கூடவே போக வேண்டும், நடுவில் உள்ள உரை முழுவதும் இடம்பெயர வேண்டும். 32 பிட் கணினிகளில் ஈமேக்ஸால் திறக்க முடிந்த கோப்பின் உச்சம் நெடுநாள் 128 மெகாபைட்டாக இருந்து, பிறகு 256, 512 என்று இரட்டித்தது. இன்றும் 10 மெகாபைட்டுக்கு மேலான கோப்பைக் கொடுத்தால், நிச்சயமாகத் திறக்கவா என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கும். கேட்பது நல்லது.

இதைவிடக் கெட்டிக்கார வழி ஒன்றும் அதே காலத்தில் இருந்தது. எடின்பரோவில் பாப் பாயரும் ஜே மூரும் உருவாக்கியது அது. ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1974-இல் பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் எழுதிய ‘பிராவோ’ திருத்தியில் அது நடைமுறைக்கு வந்தது. பிராவோ ஓடிய ஆல்டோ கணினியின் நினைவகம் 128 கிலோபைட். உரையை நினைவகத்தில் ஏற்றுவது பற்றிப் பேச்சே இல்லை. எனவே மூலக் கோப்பின் மேல் கை வைப்பதே இல்லை என்று முடிவெடுத்தார்கள். புதிதாகத் தட்டுவது எல்லாம் தனி இடத்தில் வரிசையாகச் சேரும். ‘மூலத்தில் முதல் 500 எழுத்து, பிறகு புதியதில் 12 எழுத்து, பிறகு மூலத்தில் 501 முதல் கடைசி வரை’ என்று ஒரு சிறு அட்டவணை மட்டும் நினைவகத்தில் இருக்கும். பதிவான கிரையப் பத்திரத்தை யாரும் அடித்துத் திருத்துவதில்லை. பிழைத்திருத்தல் பத்திரம் ஒன்றைத் தனியே எழுதிப் பதிவு செய்வார்கள், இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் சொத்தின் இன்றைய நிலை தெரியும். பிராவோவின் முறையும் அதுதான். கோப்பு எவ்வளவு பெரிதானாலும் அட்டவணை வளர்வது திருத்தங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே. செய்ததைத் திரும்பப் பெறுவதும் இதில் சுலபம், பழையது அழியவே இல்லையே. சிமோனி 1981-இல் மைக்ரோசாஃப்டுக்குப் போனபோது இந்த முறையும் கூடவே போய், வேர்டுக்குள் குடியேறியது.

பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய ‘வீஐ’ வேறு வகை நெருக்கடியில் பிறந்தது. அவர் வேலை பார்த்தது 300 பாட் மோடம் இணைப்பில். நொடிக்கு 30 எழுத்து. 24 வரி, வரிக்கு 80 எழுத்து கொண்ட திரையை ஒருமுறை நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே திரையில் மாறியதை மட்டும் அனுப்ப வேண்டும். வீஐயின் ஓரெழுத்துக் கட்டளைகளின் கஞ்சத்தனம் அந்தக் கம்பியின் கஞ்சத்தனம். உரையை வைப்பதில் அது ஈடியின் வாரிசு, தற்காலிகக் கோப்பு உட்பட. 2,50,000 வரிகள்தான் அதன் உச்சம் என்றும், அந்த வரம்பு சத்தமில்லாமல் அமலாகும் என்றும் அதன் கையேடு சொல்கிறது. ‘சத்தமில்லாமல்’ என்ற அந்த ஒரு சொல் கவலைக்குரியது. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லும் கருவியை மன்னிக்கலாம். முடிந்ததுபோல் காட்டிக்கொண்டு மிச்சத்தை விழுங்குவதை எப்படி மன்னிப்பது?

நோட்பேட் குறைந்தபட்சம் வாய் திறந்தது. விண்டோஸ் 95, 98 காலத்தில் வீட்டுக் கணினியோ பிரவுசிங் சென்டரோ, அந்த அறிவிப்பைப் பார்க்காதவர் குறைவு: கோப்பு பெரிதாக இருக்கிறது, வேர்ட்பேடில் திறக்கட்டுமா? நோட்பேடுக்குப் பெரிது என்றால் 64 கிலோபைட்டுக்கு மேல். அந்த எண் யாரும் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்தது அல்ல. 16 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் 65,536. பழைய 16 பிட் விண்டோஸின் உரைப்பெட்டியில் அதற்குமேல் எண்ண விரல் இல்லை. 32 பிட்டில் எழுதப்பட்ட விண்டோஸ் என்டியின் நோட்பேடுக்கு இந்தக் கட்டு இல்லை. எக்ஸ்பி வழியாக அது வீடுகளுக்கு வந்தபின் நோட்பேட் எந்தக் கோப்பையும் ஏற்றத் துணிந்தது. ஏற்றி முடிக்கும்வரை ‘பதிலளிக்கவில்லை’ என்ற தலைப்போடு வெளிறிப்போய் நிற்கவும் கற்றது. திறக்கட்டுமா என்று அந்த நாளில் கைகாட்டப்பட்ட வேர்ட்பேடை மைக்ரோசாஃப்ட் 2024-இல் விண்டோஸிலிருந்தே எடுத்துவிட்டது.

அந்த 65,536 அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. எக்ஸெல் 2003 வரை ஒரு தாளில் இருந்த வரிசைகளும் அதே 65,536. 2007-இல் அது 10,48,576 ஆனது. ஆனால் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் சேமித்தால் பழைய வரம்புதான். 2020 செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தின் ஆய்வுக்கூடங்கள் கொரோனா பரிசோதனை முடிவுகளைக் காற்புள்ளி பிரித்த சாதாரண உரைக்கோப்புகளாக அனுப்பிக்கொண்டிருந்தன. பொதுச் சுகாதாரத் துறை அவற்றைப் பழைய எக்ஸ்எல்எஸ் வார்ப்புருவில் ஏற்றியது. ஒரு நோயாளிக்குப் பல வரிசைகள் தேவைப்பட்டதால் ஒரு கோப்பில் சுமார் 1,400 பேர்தான் அடங்கினார்கள். அதற்கு மேற்பட்டவர்கள் வெளியே விழுந்தார்கள், சத்தமில்லாமல். செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இப்படிக் கணக்கில் வராமல் போனவர்கள் 15,841 பேர். முடிவு அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலைதான் நாள்கணக்கில் தள்ளிப்போனது. உரைக்கோப்பில் ஒரு குறையும் இல்லை. எந்தச் சாதாரண உரைத் திருத்தியில் திறந்திருந்தாலும் முழுசாகத் தெரிந்திருக்கும்.

64 கிலோபைட் சுவருக்கு அப்பால் இன்னொன்று நின்றது: 2,147,483,647 பைட், அதாவது 2 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. கோப்புக்குள் ஓர் இடத்தைக் குறிக்க 32 பிட் எண்ணைப் பயன்படுத்தி, அதில் ஒரு பிட்டை எதிர்மக் குறிக்கு ஒதுக்கியதன் விளைவு. 1990-களின் நடுவில் வட்டுகள் அதைத் தாண்டத் தொடங்கியதும் யூனிக்ஸ் தயாரிப்பாளர்கள் கூடிப் பேசி, 1996-இல் 64 பிட்டுக்கு மாறும் வழியை வகுத்தார்கள். நிரல்கள் ஒவ்வொன்றாக மாறி முடிய இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன.

பெரிய கோப்போடு தினமும் மல்லுக்கட்டுபவர்கள் இதற்குள் வேறு பழக்கத்துக்குப் போயிருந்தார்கள். சர்வர் அறைகளில் வேலை செய்பவர்கள் லாக் கோப்பைத் திருத்தியில் திறப்பதில்லை. திறந்தால் தற்காலிகக் கோப்பு வட்டை நிரப்பி, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரையும் சேர்த்துப் படுக்க வைத்துவிடும். அவர்கள் கைக்குப் பழகியது ‘லெஸ்’. 1983-85-இல் மார்க் நுடல்மன் இதை எழுதக் காரணம், அதற்கு முன்பிருந்த ‘மோர்’ நிரலில் பின்னோக்கிப் போக வழி சரியாக இல்லாததுதான். லெஸ் கோப்பை முழுதாகப் படிக்காமலே முதல் திரையைக் காட்டிவிடும். 30 ஜிபி கோப்பானாலும் என்டர் தட்டிய கணமே உரை வந்து நிற்கும். கடைசிக்குப் போ என்றாலும் ஒரே தாவல். ஆனால் போன இடத்தில் இது எத்தனையாவது வரி என்று கேட்டால் மட்டும், வரி எண்களைக் கணக்கிடுகிறேன், வேண்டாமென்றால் நிறுத்து என்று கெஞ்சும். காரணம் உண்டு. இயங்குதளத்துக்குக் கோப்பின் பைட்டுகளைத்தான் தெரியும், வரிகளைத் தெரியாது. பத்து லட்சமாவது வரி எங்கே என்பதற்கு, முதலிலிருந்து வரிமுறிவுகளை எண்ணிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழி இல்லை. திருத்திகள் கோப்பைத் திறக்கும்போது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பெரும்பங்கு இந்த எண்ணிக்கைக்குத்தான் போகிறது.

நடுவில் தாவுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தாவிய பைட் ஓர் எழுத்தின் நடுவில் இருந்தால்? ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்து ஒரு பைட், கவலை இல்லை. தமிழுக்கும் டிஸ்கி குறியாக்கக் காலத்தில் ஒரு குறிக்கு ஒரு பைட்தான். யூனிகோடின் யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ‘அம்மா’ என்பது 15 பைட். யுடிஎஃப்-8-ஐ 1992 செப்டம்பரில் நியூஜெர்சி உணவகம் ஒன்றில், மேசை விரிப்புத் தாளில் எழுதி வடிவமைத்தவர் அதே கென் தாம்ப்சன். உடன் இருந்தவர் ராப் பைக். எழுத்தின் முதல் பைட்டையும் தொடரும் பைட்டுகளையும் பார்த்தவுடன் பிரித்தறியலாம்படி அவர்கள் அமைத்தார்கள். அதனால் கோப்பின் எந்த நடுவில் விழுந்தாலும், தமிழானால் அதிகபட்சம் இரண்டு பைட் பின்னே போனால் குறி தொடங்கும் இடம் கிடைத்துவிடும். ஆனால் ‘கொ’ என்பது க, கொம்பும் காலும் கொண்ட உயிர்க்குறி என இரண்டு குறிகள். இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு உயிர்க்குறி மட்டும் அநாதையாகத் திரையில் நிற்கும். தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அமுக்கிய நிலையிலேயே அது நூறு மெகாபைட்டைத் தாண்டும். அதைத் துண்டுகளாக வெட்டிப் பார்ப்பவர்களுக்கு இந்த அநாதைகள் பழக்கம்.

நினைவகம் மலிந்தபோது இந்த வித்தைகளில் பல மறந்தன. 2014-இல் கிட்ஹப் வெளியிட்ட ‘ஆட்டம்’ திருத்தி, வலைத்தள நுட்பத்தின் மேல் கட்டப்பட்டது, பார்க்க அழகு. தொடக்கத்தில் 2 மெகாபைட்டைத் தாண்டிய கோப்பைத் திறக்கவே மாட்டேன் என்றது. மக்மஹனின் கட்டுரைகளைப் போல் இரண்டு தொகுதி வைத்தால் தீர்ந்தது கதை, அதுவும் ஜிகாபைட் கணக்கில் நினைவகம் உள்ள கணினியில். 2017-இல் அதன் உரை வைப்பிடத்தை சி++ மொழியில் திருப்பி எழுதினார்கள். 2022 டிசம்பரில் ஆட்டமே மூடப்பட்டது.

மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோடுக்கும் அதே பாடம், இன்னும் துல்லியமான கணக்கோடு. ஒருவர் 35 மெகாபைட் கோப்பைத் திறந்தார். நினைவகம் தீர்ந்து செயலி விழுந்தது. 35 மெகாபைட் ஒரு பெரிய அளவே இல்லை. ஆனால் அதில் 1 கோடியே 37 லட்சம் வரிகள் இருந்தன. வரிக்கு இரண்டு மூன்று எழுத்துதான். விஎஸ் கோடு ஒவ்வொரு வரிக்கும் ஒரு தனிப் பொருளை உண்டாக்கிக்கொண்டிருந்தது, ஒவ்வொன்றும் 40 முதல் 60 பைட். 35 மெகாபைட் கோப்பைச் சுமக்க 600 மெகாபைட் செலவானது. 2018 மார்ச்சில் அந்தக் குழு மாற்று வழியை வெளியிட்டது: மூலத்தைத் தொடாமல், புதியதைத் தனியே சேர்த்து, அட்டவணையில் கோப்பது. ஆல்டோ கணினியில் நடந்ததேதான். அட்டவணையை மரமாக அடுக்கி, ஒவ்வொரு கிளையிலும் எத்தனை வரி இருக்கிறது என்று எழுதி வைத்ததுதான் புதுமை. சி++ மொழிக்கு மாறினால் வேகம் கூடுமா என்றும் சோதித்தார்கள். இரண்டு மொழிகளுக்கு நடுவே உரையை ஏற்றி இறக்குவதிலேயே லாபம் கரைந்ததால் டைப்ஸ்கிரிப்டிலேயே நின்றுவிட்டார்கள். இப்போதும் 20 மெகாபைட்டையோ 3 லட்சம் வரிகளையோ தாண்டினால் விஎஸ் கோடு நிறம் தீட்டும் வேலையை நிறுத்திக்கொள்கிறது. உரையை வைத்துக்கொள்வதைவிட அதற்கு வண்ணம் பூசுவதுதான் பெருஞ்செலவு என்பது பலருக்குத் தெரியாது.

அளவை மட்டும் பார்த்துக் கோப்பின் குணத்தைச் சொல்லிவிட முடியாது. மனித மரபணுத் தொகுதியின் முதல் வரைவைக் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகம் 2000 ஜூலை 7 அன்று இணையத்தில் வைத்தது. சுமார் 300 கோடி எழுத்து. ஏ, சி, ஜி, டி என்ற நான்குதான், தெரியாத இடத்தில் என். அங்கிருந்து இன்று முதல் குரோமோசோமை இறக்கினால் 24,89,56,422 எழுத்துகள், வரிக்கு ஐம்பதாக, 50 லட்சம் வரிகளில் ஒழுங்காக அடுக்கியிருக்கும். திறந்து பார்க்கும் புதியவர் மிரண்டுபோவார்: முதல் 200 வரிகளும் வெறும் என், என், என். கோப்பு கெடவில்லை, குரோமோசோமின் முனையில் முதல் 10,000 எழுத்து அப்படித்தான் குறிக்கப்பட்டிருக்கிறது. வரி சீராக இருப்பதால் லெஸ், கிரெப் எல்லாமே இதை அலுங்காமல் கையாளும்.

இதில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லாத ஜேசன் கோப்பு ஒன்று திருத்தியைக் கவிழ்த்துவிடும். இயந்திரம் இயந்திரத்துக்கு எழுதும் அந்தக் கோப்பில் வரிமுறிவே இருக்காது. ஐந்து மெகாபைட்டும் ஒரே வரி. வரியை அலகாக நம்பிய ஐம்பதாண்டு வித்தை எல்லாம் அங்கே செல்லாது. ஒரு வரியைப் படி, மறந்துவிடு என்ற கிரெப்புக்கு மறக்க இடமே கிடைப்பதில்லை. பொருந்திய வரியைக் காட்டு என்றால் முழுக் கோப்பையும் முகத்தில் கொட்டும். ஈமேக்ஸ் கர்சரை ஓர் எழுத்து நகர்த்தவே திணறும், திரையில் அந்த எழுத்து எந்தப் பத்தியில் விழும் என்று அறிய வரியின் தொடக்கத்திலிருந்து கணக்குப் போட வேண்டியிருப்பதால். 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பு இத்தகைய கோப்பைக் கண்டதும் அலங்கார வசதிகளை எல்லாம் அணைத்துவைக்கும் ஓர் ஏற்பாட்டைச் சேர்த்துக்கொண்டது. 2023 ஜூலையில் வந்த 29-ஆம் பதிப்பு சிக்கலின் வேருக்குப் போனது. வரி மிக நீண்டால், கர்சரைச் சுற்றியுள்ள ஒரு துண்டை மட்டும் பார்த்துத் திரையை வரைகிறது. அந்தத் துண்டுக்கு வெளியே தொடங்கிய மேற்கோள் குறி அதன் கண்ணில் படாததால் நிறங்கள் சில இடங்களில் தப்பாக விழும். அதைத் தெரிந்தேதான் விட்டிருக்கிறார்கள்.